எழுதியது யாருடைய பெயர்?

கனடாக் குடியுரிமை பெற்ற என் மாமனார் இப்போது கொழும்பு வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கிறார். பார்வை மங்கிவிட்டது. கனடாத் தேர்தலுக்கு, வேட்பாளர் பெயரைக் கையால் எழுதி அனுப்பும் தபால் வாக்குச்சீட்டு வந்தது. தன் தெரிவு வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்றதால், கட்டணத்துக்குப் படிவம் நிரப்பும் கடைக்கு அழைத்துப்போனேன். நான் கடவுச்சீட்டைப் பிரதி எடுத்து வருவதற்குள், கடைக்காரர் மாமனாரைக் கேளாமலே சீட்டில் வேட்பாளர் பெயரை எழுதி உறையை ஒட்டிவிட்டார்.

"தம்பி, ஆரின்ர பேர் எழுதினீர்?" என்றார் மாமனார்.

"எங்கட தமிழ் ஆள்தான் அங்கிள். இஞ்ச வாற எல்லாருக்கும் அவரைத்தான் எழுதுறனான்."

"அவர் வரக்கூடாதெண்டுதானே நான் போட வந்தனான்."

வேறு சீட்டு வந்துசேர நாளில்லை. கடைக்காரரைப் பற்றி முறையிடவும் இடம் தெரியவில்லை. வாக்காளர் கையெழுத்திட்டால்தான் செல்லும் அந்த உறை, மாமனார் கையெழுத்திடாமல் அலுமாரியில் கிடக்கிறது.

இப்போது மாமனாருக்கு யார் எதை எழுதிக் கொடுத்தாலும், ஒட்டுமுன் அவர் காதோடு வாசிக்கச் சொல்லிவிட்டு, நான் வாசலில் நிற்கிறேன்.