மேடையில் கேட்ட ஒரு சொல்

திருவொற்றியூர் தேரடி அருகே, எண்ணூர் பஸ்ஸுக்காக மேரி அக்காவின் டீக்கடையில் நிற்கிறேன். எதிரே அமைதிக் கூட்டம் நடக்கிறது. போன வாரம் இந்தத் தெருவில் ஒரு பிகார் தொழிலாளியை அடித்துக் காலை உடைத்துவிட்டார்களாம். மேடையில் ஒருவர் குரல் தழுதழுக்க, "வடமாநிலத்தவரைச் சகித்துக்கொள்வதுதான் நம் பண்பாடு" என்கிறார். கூட்டம் கை தட்டுகிறது.

அடிபட்டவனின் அண்ணன் ரமேஷ் என் பக்கத்தில் நின்று தானும் தட்டுகிறான். குடோனில் மூட்டை தூக்குபவன். தெருத் தமிழ் நன்றாகப் பேசுகிறான், மேடைத் தமிழ்தான் புரியவில்லை.

"அக்கா, சகிக்கிறதுன்னா இன்னா?"

இந்தியில் 'சஹ்னா' என்பார்கள். வலியைப் பொறுத்துக்கொள்வதற்கான சொல். எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல வாய் வரவில்லை.

மேரி அக்கா டீயை ஆற்றியபடி சொல்கிறார்: "உங்க மேல பாசமா கீறாங்களாம்பா."

அவன் முகம் மலர்கிறது. உடனே ஆஸ்பத்திரியில் கிடக்கும் தம்பிக்குப் போன் போட்டு அதைச் சொல்கிறான். சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் போனை இறக்குகிறான்.

"அப்ப ஏன் ஒருத்தரும் பாக்க வரலன்னு கேக்குறான்க்கா."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு, மீதி டீயைப் பிளாஸ்கில் ஊற்றி மூடுகிறார்.

"எந்த வார்டுல கீறான்?"