ஞானசுந்தரி பிடித்த வெளிச்சம்

சனிக்கிழமை நடுப்பகல். அடுப்படி மூலையில் இருந்த மெயின் சுவிட்ச் பெட்டியில் ஃபியூஸ் போயிருந்தது. டார்ச்சில் பேட்டரிக் கட்டை தீர்ந்திருந்தது. மின்சார வாரியத்தில் சூப்பர்வைசர் வேலை பார்க்கும் சாமுவேல், சொந்த வீட்டுப் பெட்டியின் முன்னால் இருட்டில் தடவிக்கொண்டிருந்தான். அம்மா ஞானசுந்தரி சுவரில் மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெயில் ஒரு கட்டமாக வீட்டுக்குள் நுழைந்து, அடுப்பைத் தாண்டி, அவன் தேடிக்கொண்டிருந்த திருகாணியின் தலையில் வந்து உட்கார்ந்தது.

“கொஞ்சம் எறக்கும்மா.”

“எறக்கினா ஒன் மூக்குலதான் வுழும். நீ வேலயப் பாரு நைனா.”

கம்பியைச் சுற்றி முடிக்கும்வரை அந்த வெளிச்சம் அசையவில்லை. மறுநாள் கோயிலுக்குப் போய் வந்து பாயில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அம்மாவும் மகனும் சேர்ந்து செய்த கடைசி வேலை அந்த ஃபியூஸ்தான்.

வெளிச்சத்தைப் பிடித்து நிறுத்த அவள் பழகியது ஐம்பத்தேழாம் வருஷத்துக் கோடையில், ஊர்க் கிணற்றடியில், ஒரு கேமராவுக்குப் பக்கத்தில். சாமுவேல் அப்போது செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். அம்மாவும் பக்கத்து வீட்டு அம்முலுவும் மாறி மாறிச் சொல்லிச் சிரித்துத்தான் அவனுக்குத் தெரியும்.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி அவர்கள் ஊர். ஊருக்கு நடுவில் நல்ல தண்ணீர்க் கிணறு. சேரிக்கு ஒரு குட்டை. சித்திரை பிறந்தால் அது மாடு புரளும் சேறு. பொதுக் கிணற்றில் யாரும் இறைக்கலாம் என்று சட்டம் வந்திருந்தது. ஆனால் அந்தச் சட்டம் உத்திரமேரூர் வரைக்கும் வந்து பஸ்ஸைத் தவறவிட்டது போலிருக்கிறது. சேரிப் பெண்கள் குடத்தைத் தரையில் வைத்துவிட்டு எட்ட நிற்பார்கள். மனசு வந்தவர்கள் ஊற்றுவார்கள். வராத நாளில் வெறுங்குடம் வீடு திரும்பும்.

முந்தின வருஷம் குட்டைத் தண்ணீரைக் குடித்துத்தான் சாமுவேலின் தங்கை வயிற்றுப்போக்கில் போனாள். ஞானசுந்தரி அதை யாரிடமும் சொல்லி அழுததில்லை.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு ஜீப்பும் வேனும் வந்தன. தீண்டாமை ஒழிப்பு பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுக்கிறார்களாம். ஊர்க் கிணற்றில் இரு தரத்துப் பெண்களும் ஒன்றாக நின்று தண்ணீர் இறைக்க வேண்டுமாம். பஞ்சாயத்துத் தலைவர் தாண்டவராயனுக்கு, பேன்ட் போட்டவர்கள் முன்னால் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“படம் புடிக்கிற ஒரு நாளு மட்டும். பொழுது சாஞ்சா அவங்கவங்க எடத்துக்குப் பூடணும்” என்றார்.

ஞானசுந்தரியின் புருஷன் ஐசக் அவரிடம்தான் படியாள். வருஷக் கூலிக்கு அவர் நிலத்தில் கட்டுப்பட்டு உழுபவர்.

“வாய மூடிக்கினு நில்லு, சுந்தரி. நாளைக்கு ஆண்டே என்னத்தான் கேப்பாரு” என்று காலையிலேயே சொல்லி அனுப்பினார்.

“நான் இன்னா கெணத்தயா தூக்கிக்கினு வரப்போறேன்?” என்று கிளம்பினாள் அவள்.

முதலில் அவளைத்தான் தண்ணீர் இறைக்க நிறுத்தினார்கள். வாளியை இழுக்கும்போதெல்லாம் அவள் கேமராவை நேராகப் பார்த்தாள்.

“கேமராவப் பாக்காதீங்கம்மா” என்றார் டைரக்டர்.

“அது என்னப் பாக்குதே, நான் பாக்கக் கூடாதா?”

நாலு தடவை சொல்லியும் கேட்கவில்லை. சேரியிலிருந்து வந்திருந்த சிட்டம்மாளையும் அம்முலுவையும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு அவளை ஓரம் கட்டினார்கள். வெளிச்சத் தட்டி பிடிக்க வந்த ஆள், ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வேனில் சுருண்டு கிடந்தார். வெள்ளிக் காகிதம் ஒட்டிய பலகை அது. கேமராமேன் ஞானதாஸ் அதைத் தூக்கி ஞானசுந்தரி கையில் கொடுத்து, வெயிலை வாங்கிச் சிட்டம்மாள் முகத்தில் எப்படிப் போடுவது என்று காட்டினார். கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. போகிற வருகிறவர்கள் கண்ணிலெல்லாம் அடித்து, “ஏ, கண்ணு பூடப் போவுது!” என்று திட்டும் வாங்கினாள்.

கிணற்றின் இந்தப் பக்கம் சிட்டம்மாள், அந்தப் பக்கம் தாண்டவராயனின் மனைவி எல்லம்மாள், நடுவில் மாலையோடு தாண்டவராயன். இரண்டு ராட்டினங்களும் கிறீச்சிட்டன. சிட்டம்மாள் குடம் நிறைந்தது. டைரக்டருக்கு ஒரே சந்தோஷம்.

“அருமை. ஒன்ஸ் மோர் எடுத்துடலாம். அந்தத் தண்ணியக் கிணத்துலயே ஊத்திடுங்க.”

சிட்டம்மாள் குடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“நெற கொடத்த கவுக்கறதா? எயவு வூட்லகூட அப்படி செய்ய மாட்டாங்கய்யா.”

“ஷூட்டிங்குக்குத்தானேம்மா?”

இப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து எல்லம்மாள் பேசினாள். “அவ சொல்றது ஞாயம். நெற கொடத்த கெணத்துலயே கொட்டினா ஊருக்கு ஆவாது. இதென்னாது கூத்து?”

தாண்டவராயன் மனைவியைப் பார்த்துவிட்டு மாலையைச் சரிசெய்துகொண்டார். நிறைகுடம் சேரிக்குப் போயிற்று. அடுத்த தடவைக்கு வேறு வெறுங்குடம் வந்தது. அதுவும் நிறைந்து போயிற்று. அம்முலு நடுவில் தலைப் பூவை எடுத்துவிட்டதால், கன்டினியூட்டி போச்சு என்று டைரக்டர் கத்தினார்.

மூன்றாவது தடவை எடுத்ததும் டைரக்டர் “போதும்” என்று சொல்லப் போனார். ஞானசுந்தரியின் கையிலிருந்த தட்டி ஆடியது. சிட்டம்மாளின் முகத்திலிருந்த வெளிச்சம் வழுக்கி மதில்மேல் ஓடியது.

“லைட் ஆடிடுச்சி சார்” என்றார் ஞானதாஸ்.

மறுபடி ஒரு குடம். மறுபடி தட்டி ஆடியது. அம்முலு ஓட்டமும் நடையுமாகச் சேரிக்குப் போய், வீட்டுக்கு வீடு குரல் கொடுத்துக் குடங்களைத் திரட்டிக்கொண்டு வந்தாள். பித்தளைக்குடம், மண்குடம், விளிம்பு நசுங்கிய தவலை எல்லாம் வரிசையில் நின்றன.

ஞானதாஸ் அவள் பக்கத்தில் வந்தார். “ஏம்மா, கை அடிக்கடி ஆடுதே?”

“வயசாய்ப் போச்சிங்க.”

“என்ன வயசு?”

“முப்பது.”

ஞானதாஸ் குடங்களின் வரிசையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அடுத்த தடவையிலிருந்து கேமராவுக்குப் பின்னால் குனிந்து நின்றாரே தவிர பொத்தானை அழுத்தவில்லை. ஃபிலிம் மிச்சம். ராட்டினச் சத்தத்தில் கேமரா ஓடாதது டைரக்டர் காதுக்கு எட்டவில்லை. “இன்னும் ஒண்ணு சார், இது சரியா வந்துடும்” என்று ஞானதாஸ் சொல்லிக்கொண்டேயிருந்தார். பொழுது சாயும்போது சேரியில் வெறுங்குடம் உள்ள வீடு ஒன்றும் இல்லை.

வேன் அன்றைக்கே போய்விட்டது. மறுநாள் விடிந்ததும் ஞானசுந்தரி குடத்தை எடுத்தாள். சிட்டம்மாளும் அம்முலுவும் பின்னால் போனார்கள், கொஞ்சம் தள்ளியே. தாண்டவராயன் கிணற்றடியில் நின்றிருந்தார்.

“நேத்தோட முடிஞ்சிதுன்னு சொன்னேனா இல்லியா?”

“சொன்னீங்க ஆண்டே. ஆனா கன்டினியூட்டி கீதே.”

“இன்னாது?”

“அம்முலு நடுவுல பூவ எடுத்துட்டான்னு டைரக்டர் அந்தக் கத்து கத்தினாரே, நீங்களும்தான கேட்டீங்க? மொதல்ல எப்படி இருந்துச்சோ பின்னாலயும் அப்படியே இருக்கணுமாம். இல்லன்னா படம் பொய்யாப் பூடுமாம்.”

“அது படத்துக்குடி!”

“படத்துல ஒங்க மூஞ்சியும் கீது ஆண்டே. மாலையப் போட்டுக்கினு கெணத்தாண்ட நிக்கறீங்க. ஊரெல்லாம் போட்டுக் காட்டுவாங்க. யாராச்சும் பாத்துட்டு, அந்தக் கெணறு இன்னாச்சின்னு கேட்டுக்கினு வந்தா, பேஜாரு எனக்கா ஒங்களுக்கா?”

தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த எல்லம்மாள் சிரித்துவிட்டாள். தன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு ராட்டினத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தாள். “பேசிக்கினே நிக்காதீங்க. வெயிலு ஏறுது” என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

ஞானசுந்தரி கிணற்றுக்குள் கயிற்றை விட்டாள்.

சும்மா கிடைக்கவில்லை அது. அந்த வருஷம் ஐசக்குக்குப் படியாள் வேலை போயிற்று. புருஷனும் பெண்டாட்டியும் புள்ளலூருக்கு நடந்து போய்க் கூலிக்கு நாற்று நட்டார்கள். “நல்லா வெளிச்சம் புடிச்ச” என்று வரப்பில் நின்று ஐசக் குத்திக்காட்டுவார். “நல்லாத்தான் புடிச்சேன்” என்பாள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கஞ்சி காய்ச்சுவாள். ஐசக் இரண்டு வாய் அதிகமாகக் குடிப்பார்.

அடுத்த வருஷம் படத்தைப் பார்த்த அதிகாரி ஒருவர் நிஜமாகவே கிணற்றைத் தேடிக்கொண்டு வந்தார். தாண்டவராயனுக்கு மாலை விழுந்தது. அதன்பிறகு கிணற்றை மூட அவராலும் முடியவில்லை. ஐசக்கை அவரே திரும்பக் கூப்பிட்டார். ஐசக் போகவில்லை.

ஞானசுந்தரி கடைசிவரை அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. உத்திரமேரூருக்குப் படம் காட்டும் வேன் வந்திருக்கிறது என்று கேட்டு ஒருமுறை நடந்தே போனாள். ஜப்பான் முறை நெல் சாகுபடி காட்டினார்கள். “நாத்து எப்படி நடறதுன்னு எனக்கே காட்றாங்கடி” என்று அம்முலுவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சாமுவேல் பார்த்தான். பாலிடெக்னிக் படிக்கும்போது சென்னையில் ஒரு பொருட்காட்சியில். எல்லாம் சேர்த்துக் கொஞ்ச நேரம்தான். அம்மா எங்கேயும் இல்லை. சிட்டம்மாளின் முகத்தில் மட்டும் வெளிச்சம் நிலையாக நின்றது. ஊருக்கு வந்து சொன்னான்.

“சிட்டம்மா மூஞ்சி நல்லாத் தெரிஞ்சிதா?”

“தெரிஞ்சிதும்மா.”

“அப்ப சரி.”

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஆனால் ஒரு வேலையை மட்டும் விடாமல் செய்தாள். சேரிக்குப் புதுப்பெண் வந்தால், முதல் குடத்துக்கு அவளைக் கிணற்றுக்குக் கூட்டிப்போவது ஞானசுந்தரிதான். ஊர்ப் பெண்கள் நிற்கும்போதே கூட்டிப்போய், ராட்டினத்தில் கயிற்றைப் போடச் சொல்லிவிட்டு, பக்கத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பாள். ஒரு தடவை அப்படி இறைத்துவிட்டால் பெண்ணுக்குப் பயம் விட்டுவிடும், பார்க்கிறவர்களுக்கும் பழகிவிடும்.

இந்த முறை வந்தவள் மங்கம்மா. வேதகிரியின் பெண்டாட்டி. அவள் பிறந்த ஊரில் இன்னும் எட்டத்தான் நிற்கிறார்கள். வந்த நாளிலிருந்து குடத்தோடு குட்டைப் பக்கமே போய்க்கொண்டிருந்தாள். சனிக்கிழமை ஃபியூஸ் போட்டு முடித்த கையோடு, வாசலில் போனவளை ஞானசுந்தரி கூப்பிட்டாள்.

“அந்தச் சேத்தத் தொடாத. திங்கக்கெழம காலயில நான் கூட்டிக்கினு போறேன். கொடத்தத் தேச்சி வையி.”

திங்கட்கிழமை காலையில் வாசலில் பந்தல் போட்டிருந்தது. பாதிரியாருக்காகக் காத்திருந்தார்கள். மங்கம்மா துலக்கிய குடத்தோடு பந்தல் ஓரம் வந்து நின்றாள். துக்க வீட்டுக்குக் குடத்தோடு வந்ததற்கு ஒரு கிழவி அதட்டினாள்.

“அவங்கதான் வரச் சொன்னாங்க” என்றாள் மங்கம்மா.