முப்பது விநாடி ரீங்காரம்

கல்யாணம் முடிந்த ஒரே மாதத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தரப்பு குடிவந்தது. முதலில் என் மாப்பிள்ளை. காயல்பட்டினத்தில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வருவார். இரண்டாவதாக வந்தது தேனீ.

காலை பத்து மணி இருக்கும். கொல்லை முருங்கைக் கிளையில் பலாக்காய் அளவுக்கு ஏதோ கறுப்பாகத் தொங்கியது. உற்றுப் பார்த்தால் அசைந்தது. உம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ராத்தா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"பந்தத்தக் கொளுத்திக் காட்டுங்கோ, ஓடிரும்!"

"கொளுத்தாதிய," என்று கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார் என் மாப்பிள்ளை. "அதுவ வீடு தேடி வந்திருக்குதுவ மாமி. கெழட்டு ராணி பழைய வீட்ட மவளுக்குக் குடுத்துட்டு, பாதிச் சனத்தக் கூட்டிக்கிட்டு வெளிய வந்திருக்கா. நம்ம ஊரு வழக்கந்தான்."

உம்மா இடுப்பில் கை வைத்தாள். "நல்ல வழக்கமா இருக்கே! அப்போ நானும் மவளுக்கு வீட்டக் குடுத்துட்டு முருங்கையில தொங்கணுமா மாப்பிள்ளை?"

நான் பி.எஸ்ஸி. விலங்கியல். தேனீயின் லத்தீன் பெயரை ஸ்பெல்லிங் தப்பாமல் எழுதி மார்க் வாங்கியவள். அவர் பிளஸ் டூ. சவூதியில், தம்மாமில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர். வேலை முடிந்து ரூமுக்கு வந்தால் கட்டிலில் படுத்துக்கொண்டு தேனீ வளர்ப்பு வீடியோவாகப் பார்ப்பாராம். பாலைவனத்தில் உட்கார்ந்துகொண்டு பூவையும் தேனீயையும் பார்ப்பது என்ன மாதிரி வியாதி என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு உம்மாவின் பழைய வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு கிளைக்குக் கீழே போய் நின்றது அவர். அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் நின்று வீடியோ எடுத்தது விலங்கியல்.

பனையோலைக் கடகத்தை ஏந்திக் கிளையை ஒரே உலுக்கு. கொத்தாக விழுந்தன. ஓரமாக இருந்தவையும் கொஞ்ச நேரத்தில் தாமாகவே உள்ளே போய்விட்டன. கடகத்தின் மேல் துணியை மூடி நிழலில் வைத்துவிட்டு, இரண்டு பேரும் பைக்கில் தூத்துக்குடிக்குப் பறந்தோம். முத்தையாபுரம் தாண்டி, கப்பல் சரக்கோடு வரும் மரத்தட்டுகளை உடைத்துப் பலகையாக விற்கும் ஒரு கடை. அவர் ஒவ்வொரு பலகையாகப் புரட்டி முத்திரையைப் படித்தார்.

"எச்.டி.ன்னு இருந்தா எடு. எம்.பி.ன்னா தூரப் போடு."

"என்ன வித்தியாசமாம்?"

"எச்.டி. அனல்ல காய வச்ச மரம். எம்.பி. மருந்துப் புகை போட்டது. அந்தப் புகை ஏறுன வீட்டுல அதுவள எப்படிக் குடிவைக்கிறது?"

கடை அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கேட்டார்: "தொட்டில் செய்யவா தாயி? இப்பவே இவ்வளவு பாக்காவ?"

எனக்குக் காது சுட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலத்துக்குள் பெட்டி தயார். உள்ளே அடை மாட்டும் மரச்சட்டம் கிடையாது. அச்சு மெழுகுத் தாள் கிடையாது. மேலே வரிசையாகப் பத்து மெல்லிய மரக்கட்டைகள், அவ்வளவுதான். "தேனடைய அதுவளே கட்டிக்கிடும். நம்ம இஷ்டத்துக்கு அதுவ ஏன் கட்டணும்?" என்றார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் பெட்டியை வைத்து, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினார், எறும்பு ஏறாமல் இருக்க. கடகத்திலிருந்த கூட்டத்தை உள்ளே கொட்டி மூடினார். பிறகு எனக்குச் சட்டம் வாசித்தார். சீனித் தண்ணீர் வைக்கக் கூடாது. மருந்து கூடாது. சும்மா சும்மா திறந்து பார்க்கக் கூடாது. தேன் எடுக்கவே கூடாது.

"அப்போ எதுக்கு மச்சான் வளக்குறது?"

"இருக்குறதுக்கு."

மூடியைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த லீவுக்கு நான் வாரப்போ அதுவ இங்கன இருக்கணும். மொத அடைய நாம ரெண்டு பேரும் சேந்துதான் தொறக்கணும். அது வரைக்கும் உன் பொறுப்பு."

பத்து நாளில் விமானம் ஏறிவிட்டார்.

எங்கள் வீட்டில் புதுப் பெண் போனில் கொஞ்சுவதற்கு இடம் கிடையாது. ஹாலில் உம்மா, அடுக்களையில் பெரியம்மா, பெண்கள் மட்டும் நடக்கும் முடுக்குச் சந்து வழியாக எந்நேரமும் யாராவது சொந்தக்காரி. அதனால் தேனீ எனக்கு நல்ல சாக்கு ஆனது. அஸர் தொழுதுவிட்டு மாடிக்கு ஏறி, போனைப் பெட்டியோடு ஒட்டிப் பிடித்து, முப்பது விநாடி ரீங்காரத்தைப் பதிந்து அனுப்புவேன். அதுதான் எங்கள் காதல் கடிதம். சிரிக்க வேண்டாம், அதற்காகவே நாள் முழுக்கக் காத்துக் கிடந்திருக்கிறேன்.

"சத்தம் நல்லாருக்கு," என்று பதில் வரும். "இதுல நீ எங்க?"

"நான் பின்னாடிதான் நிக்கிறேன்."

"கேக்கலியே."

"தேனீ கத்துனா நான் எப்படிக் கேப்பேன்? உங்களுக்கு யாரு வேணும், நானா, அதுவளா?"

"ரெண்டு பேரையும் ஒரே பெட்டியில போட்டு அனுப்பு."

ஐப்பசி மழையில் பூ இல்லை. வாசலில் போக்குவரத்து குறைந்தது. கிண்ணத்தில் சீனித் தண்ணீர் கலக்கி மாடி வரைக்கும் கொண்டு போய்விட்டேன். அவர் முகம் ஞாபகம் வந்தது. கீழே வந்து நானே அதில் எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தேன். தை பிறந்து முருங்கை பூத்ததும் ரீங்காரம் பழையபடி கனத்தது. மழைக்காலத்தைத் தாண்டிவிட்டன. நானும்தான்.

ஆடிக் காற்றில் அவருக்கு லீவு கிடைத்தது. வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்தில் இறங்கி, அங்கிருந்து காரில் வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை போனில் சொன்னார்: "எனக்குப் பிரியாணியெல்லாம் வேண்டாம். வீட்டு வாசம் வேணும். மஃரிபுக்குச் சாம்பிராணி போடுவியள்ல, அந்த வாசம். இங்கன ரூமுல ஏ.சி. வாசந்தான்."

அன்று பொழுது சாய்ந்து மஃரிபுக்குத் தட்டில் கங்கு அள்ளிப் போட்டு, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சாம்பிராணி தூவினேன். ஹால், அறை, அவருடைய தலையணை, அவருடைய கைலிகள், மாடிப்படி. புகை என் முடியில் ஏறியது. தலைக்கும் ஏறியிருக்க வேண்டும். மாடிக்கு வந்ததும், இதுவளும் வீட்டு ஆள்தானே என்று தோன்றியது. பெட்டியைச் சுற்றி மூன்று முறை. வாசல் துளையருகே கொஞ்சம் கூடுதலாக. பெட்டியைத் திறப்பவர்கள் புகை போடுவதை நானும் வீடியோவில் பார்த்திருக்கிறேனே, புகைக்கு அடங்கிவிடும் என்று நினைத்தேன். நம் நாட்டுத் தேனீ வீடு பிடிக்காவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடும் என்று புத்தகத்தில் படித்ததும் நான்தான். ஆடியில் பூவும் கிடையாது, போவதற்கு அதுவே போதும்.

மறுநாள் பத்து மணிக்குத் துணி காயப்போடப் போனேன். வாசல் துளையிலிருந்து தண்ணீர் மாதிரிக் கொட்டிக்கொண்டிருந்தன. மாடி முழுக்கச் சத்தம். கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுத் தென்னையில் கொஞ்ச நேரம் கொத்தாக நின்றன. ராத்தா கீழேயிருந்து, "ஏளா, ஒங்க மாப்பிள்ளையோட சனம் இங்கன வந்திருக்கு!" என்று கத்தினாள். நான் கடகத்தைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடுவதற்குள் எழும்பி, கடற்கரைப் பக்கம் உடைமரக் காட்டை நோக்கிப் போய்விட்டன.

போனில் அவருடைய செய்தி: "விமானம் ஏறியாச்சு."

ராவானதும் வந்தார். வாசலில் நின்று மூச்சை இழுத்து, "இந்த வாசந்தான்," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சாயாவைக்கூடத் தொடாமல் மாடிக்கு ஏறினார். பெட்டியில் காதை வைத்தார். அந்தக் காதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"தூங்குதுவளா?"

"போயிட்டுதுவ மச்சான்."

"எப்போ?"

"காலையில."

"இன்னைக்குக் காலையிலயா?"

எல்லாவற்றையும் சொன்னேன். தலையணை, கைலி, மாடிப்படி, மூன்று சுற்று. அவர் மூடியைத் தூக்கினார். போன் வெளிச்சத்தில் ஆறு அடைகள் வரிசையாகத் தெரிந்தன. கை படாத வேலை. தேன் ஒரு சொட்டு இல்லை, வழிக்குக் குடித்துவிட்டுப் போயிருந்தன. ஒரு அடையை எடுத்து மோந்து பார்த்தார். எனக்கும் நீட்டினார். மெழுகு வாசம் இல்லை. சாம்பிராணிதான்.

"கப்பல் பலகையெல்லாம் புரட்டிப் பொறுக்கி வச்சேன்," என்றார். "எம்.பி. முத்திரைய உன் நெத்தியில பாக்காம விட்டுட்டேனே."

சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு அந்த அடையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழேயிருந்து உம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். அவர் சொன்னபடி மொத அடையைச் சேர்ந்துதான் திறந்தோம்.

நாற்பது நாள் லீவு நாற்பது நாளில் முடிந்தது. போகும்போது இரண்டு அடையை மட்டும் பெட்டியிலேயே விட்டு மூடினார். சாம்பிராணி வாசம் போனதும், பழைய மெழுகு வாசத்துக்கு இன்னொரு கூட்டம் தேடி வருமாம். "தேடிப் போய்ப் புடிச்சிட்டு வராத. வந்தா வரட்டும்."

இப்போது மாடியில் சாம்பிராணி கிடையாது. சில நாள் ஒற்றைத் தேனீ வரும். துளையைச் சுற்றும், உள்ளே போகும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வெளியே வந்து போய்விடும்.

போன வாரம் ஏதோ ஒரு வீம்பில், அஸருக்குப் பிறகு போனைக் காலிப் பெட்டியில் ஒட்டிப் பிடித்து முப்பது விநாடி பதிந்து அனுப்பினேன். துணி காயப்போட வந்த உம்மா பார்த்துவிட்டாள். "காலிப் பொட்டியில என்னத்தளா புடிக்கிற?"

அவர் பார்த்துவிட்டதாகப் போனில் நீலக் குறி விழுந்தது. உம்மா துணியை விரித்து முடித்து இறங்கிப் போனாள். பிறகு பதில் வந்தது.

"நீ மூச்சு விடுறது கேக்குது. நாளைக்கும் அனுப்பு."

மறுநாள் மாடிப்படியை ஓடியே ஏறினேன்.