அப்பா விடுதலையான வழக்கு

சோன்சாய் பைகாவுக்கு ஐம்பது வயது. அவர் அப்பா காட்டுக்குள் திருத்திய மூன்று ஏக்கரில்தான் இன்றுவரை வரகும் சோளமும் விதைக்கிறார். அந்த நிலத்துக்கு இப்போது பட்டா கொடுக்கிறார்களாம், ஆனால் பழைய ஆதாரம் வேண்டுமாம். அப்பா மீது வனத்துறை ரேஞ்சர் போட்ட ஆக்கிரமிப்பு வழக்கின் காகிதத்தை அவர் பெருமையோடு எடுத்து வந்தார்.

வன உரிமைக் குழுச் செயலாளர் ஜெய்மோத்தி அதைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தாள்.

“மாமா, இது விடுதலைத் தீர்ப்பு. உங்கப்பா அந்த நெலத்துல கால் வெச்சதே இல்லன்னு எழுதியிருக்கு.”

“வக்கீல்தான் அப்படிச் சொல்லச் சொன்னாரு. இல்லன்னா உள்ள போட்டிருப்பாங்களே!”

“அன்னைக்கு இல்லவே இல்லன்னீங்க, இன்னைக்கு இருந்தோம்ங்கிறீங்க. ஆபீஸ்ல சிரிப்பாங்க.”

“நீ மட்டும் என்ன? சின்ன வயசுல அந்த நெலத்துலதானே எங்க சோளத்தைத் திருடித் தின்னு வளந்தே!”

அவள் சிரித்துவிட்டு, “அதை எழுத முடியாதே மாமா. வழக்குப் போட்டவங்க சொன்னது நெசமா, தீர்ப்பு நெசமா? ஒண்ணைச் சொல்லுங்க” என்றாள்.

சோன்சாய் தீர்ப்புக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“வழக்குப் போட்டவன் சொன்னதுதாம்மா நெசம்.”

அவள் எழுதத் தொடங்கினாள். அப்பாவை விட்டுவிட்டு ரேஞ்சர் பக்கம் எப்படிப் போய் நின்றோம் என்று அவருக்கு விளங்கவில்லை.