மூக்கரின் கரியடுப்பு

கேஸ் அடுப்பு பழுதுபார்க்கும் அவரைத் தெருவே மூக்கர் என்றுதான் கூப்பிடும். வாசலில் நின்றபடியே உள்ளே எங்கே கசிகிறது என்று சொல்லிவிடும் மூக்கு அது. அப்பேர்ப்பட்டவர், மகளின் பிறந்தநாளுக்குக் கொல்லையில் பர்கர் சுடக் கரியடுப்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

"கேஸ்காரர் வீட்டுல கரியா? மானம் போகுது மாமா!" என்று மனைவியின் தம்பி தன் கேஸ் அடுப்பையே கொண்டுவந்து சிலிண்டரில் மாட்டினான். "கரியில கொழுப்பு சொட்டினா தீ குப்புன்னு ஏறும். மேல கருகும், உள்ள வேகாது."

"தணலை ஒரு பக்கமா ஒதுக்கிட்டா நிதானமா வேகும். கரின்னா என்ன நடக்குதுன்னு கண்ணுக்காவது தெரியும்டா!" என்று எரிந்து விழுந்தார்.

மைத்துனன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிலிண்டரைத் திறந்துவிட்டு லைட்டரை அவர் கையில் திணித்தான். "கசிவு இருக்கான்னு மோந்து பாத்துப் பத்த வைங்க, மூக்கரே!" என்று சொல்லிவிட்டு இறைச்சி எடுக்க உள்ளே போனான்.

விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து குழாயை முகர்ந்தார். "ஒண்ணுமில்ல" என்றார். விரல் லைட்டரில் பதிந்தது.

"அப்பா, வேணாம்! நாத்தம் குடலைப் புடுங்குது!" என்று மகள் அலறினாள்.

லைட்டரைப் போட்டுவிட்டுச் சிலிண்டரை மூடினார். மனைவி அருகில் வந்தாள்.

"எத்தனை நாளா வாசனை தெரியல?"

"போன மாசம் காய்ச்சல் வந்துச்சே, அதுலேர்ந்து. வெளிய சொன்னா எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்?"

அவள் முகம் வெளுத்தது. "காலையில எதிர்வீட்டு அடுப்பை மோந்து பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வந்தீங்களே!"

அவர் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார்.