ரோட்டரி என்ஜினுக்கு டர்போ மாட்டிய கதை

மெக்கானிக் தொழிலில் ஓடாத வண்டியை ஓட வைப்பது பெரிய காரியமில்லை. ஒழுங்காக ஓடுகிற வண்டியோடு வந்து, "இன்னும் கொஞ்சம் வேகம் வேணும்" என்று நிற்பவரிடம்தான் நம் உயிர் போகும். உங்களில் ஸ்பேனர் பிடித்துப் பிழைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வீர்கள். நன்றாக அடித்துக்கொள்ளுங்கள், நான் இரண்டு மாதம் அதைத்தான் செய்தேன்.

மைக்கில் ஒரு பெயர்

கௌதமன் எங்கள் கோலார் தங்கவயலில் இருந்து தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிற ஆள். எங்கேயோ தேடிப் பிடித்து ஒரு பழைய ஜப்பான் காரை என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தான். திறந்து பார்த்தால் ரோட்டரி என்ஜின். இதில் பிஸ்டனும் கிடையாது, சிலிண்டரும் கிடையாது. முக்கோணமான ஒரு இரும்பு ஒரு கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் முனைகளில் மெல்லிய பட்டைகள், சீல் என்போம். சீல் உடைந்தால் என்ஜின் கதை முடிந்தது.

அதற்கு டர்போ மாட்ட வேண்டுமாம். வெளியேறுகிற புகையின் வேகத்தில் ஒரு விசிறியைச் சுற்றவிட்டு, அதை வைத்து என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிப்பதுதான் டர்போ. புது வண்டிகளில் காற்றுக்கேற்ற பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்துவிடும். இதில் இருப்பதோ காற்றில் பெட்ரோலைக் கலக்கிற பழைய கார்புரேட்டர், அதற்கு ஒன்றும் தெரியாது. காற்று கூடி பெட்ரோல் குறைந்தால் உள்ளே தாறுமாறாக வெடித்து சீல் போகும், மாற்று என்ஜின் தவம் கிடந்தாலும் கிடைக்காது என்று படித்துப் படித்துச் சொன்னேன். பெங்களூருக்கு வெளியே ஒரு பழைய விமான ஓடுதளத்தில் நடக்கிற கார் பந்தயத்தில், டர்போ வண்டிகள் மட்டும் ஓடுகிற பிரிவுக்கு அவன் பெயர் கொடுத்துவிட்டானாம். டர்போ இல்லாமலே ஓட்டிவிட்டு வாயேன் என்றேன்.

"டர்போ இருந்தாத்தான் அந்த கிளாஸ்ல சேத்துக்குவாங்கண்ணா. எம்பேர மைக்குல கூப்புடுவாங்க. ஆபீஸ்ல பதினஞ்சு வருஷமா என்ன டோக்கன் நம்பர் சொல்லித்தான் கூப்புடறாங்க."

ஒன்றாவது வேண்டும்

வண்டிக்கு இன்சூரன்ஸ் போட ஒரு ஏஜென்ட் வந்தார். அவர் போனில் இருந்த படிவத்தில் சிலிண்டர் எத்தனை என்று ஒரு கட்டம். இல்லை என்றேன். கழற்றி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். பிறவியிலேயே இல்லை என்றேன். முக்கோணம், கூடு, சுற்றுவது எல்லாவற்றையும் சாக்பீஸால் தரையில் வரைந்து காட்டினேன். அரை மணி நேரம் தலையாட்டிக்கொண்டே கேட்டவர், கடைசியில் போனைத் தூக்கிக் காட்டினார்.

"சைபர் போட்டா இது ஒத்துக்க மாட்டேங்குது சார். உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம், ஒண்ணே ஒண்ணு மட்டும் வச்சிக்குங்க."

எந்த ஷாஃப்ட்?

டர்போவை மாட்டி முதல் தடவை முடுக்கியதும் பெட்ரோல் எல்லாப் பக்கமும் பீய்ச்சியது. கார்புரேட்டர் காற்றை உறிஞ்சிப் பழகிய சாதனம். அதன் வாயில் காற்றை ஊதினால், உள்ளே காற்றை விடுகிற குட்டிக் கதவைத் திறந்து மூடுகிற சின்னக் கம்பி இருக்கிறதே, அந்த த்ராட்டில் ஷாஃப்டின் இடுக்கு வழியாக எல்லாம் வெளியே வந்துவிடும். எரிச்சலில், "ஷாஃப்ட்ல காத்து லீக் ஆவுது!" என்று கத்தினேன்.

வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த எத்திராஜ் விழுந்தடித்து எழுந்தார். இங்கே மூடிப்போன தங்கச் சுரங்கங்களில் ஒன்றான மைசூர் மைன்ஸில் இருந்தவர், பென்ஷன் வாங்குகிறவர். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஆழக்கிணற்றுக்கும் ஷாஃப்ட் என்றுதான் பேர்; அதற்குள் காற்று அனுப்புகிற வேலையில் இருந்தவரிடம் ஷாஃப்டில் லீக் என்றால் சும்மா இருப்பாரா? "எந்த ஷாஃப்ட்?" என்று பதறிக் கேட்டார். விரல் நீளக் கம்பியைக் காட்டினேன். அவருக்கு வந்த கோபம் என் கோபத்தைவிடப் பெரிது.

"பத்தாயிரம் அடி ஆழத்துக்கு காத்து அனுப்புனோம்யா நாங்க. உன்னால ஒரு ஜாண் டப்பாக்கு அனுப்ப முடியல, இதுக்கு இன்னா கூச்சல்?"

போனில் சொன்ன வேலை

ஷாஃப்டுக்கு ரப்பர் வளையம் போட்டேன், பெட்ரோல் பம்பை மாற்றினேன். பெட்ரோல் பீய்ச்சுவது நின்றது. ஆனால் அழுத்தம் ஏறும்போது பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்குகிற தொட்டியில் ஃப்ளோட் என்று ஒரு மிதவை உண்டு. பெட்ரோல் எவ்வளவு உயரம் நிற்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்யும். அந்த லெவலை உயர்த்த வேண்டும்.

அன்றைக்குப் பார்த்து மனைவியின் கண் பரிசோதனைக்காக நான் கோலார் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். ஷெட்டில் இருந்தவர் முனிசாமி. மைன்ஸ் மூடுகிறவரை, ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜில் மணி அடித்தவர். என்னோடு இருபது வருஷமாக இருக்கிறார். போன் போட்டு, "ஃப்ளோட் லெவல் ரெண்டு மில்லிமீட்டர் ஏத்துங்க" என்றேன். ஏத்தணுமா, எறக்கணுமா என்று திருப்பிக் கேட்டார். எனக்கு முன்னால் நாற்பது பேர், பின்னால் ஒருவர் முதுகில் இடிக்கிறார். "ஏத்துன்னா ஏத்துங்க, தமிழ் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன்.

"தெரியும் மேஸ்திரி. ஏத்தறேன்."

பேத்தமங்களா ரோடு

பந்தயத்துக்கு எட்டு நாள் இருந்தது. மத்தியானம் பேத்தமங்களா ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். கௌதமன் ஓட்ட, நான் பக்கத்தில். மிதித்தான். டர்போ விசிலடித்தது, வண்டி எங்களை சீட்டோடு அழுத்திக்கொண்டு பாய்ந்தது. பொய் சொல்வானேன், எனக்கே சிரிப்பு பொங்கியது. அடுத்த நொடி தகர டப்பாவில் ஜல்லியைக் கொட்டிய சத்தம். "காலை எடு!" என்று கத்தினேன். எடுத்தான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வண்டி குலுங்கிக் குலுங்கி ஏரிக்கரையோரம் நின்றது.

தக்காளி ஏற்றிவந்த டெம்போக்காரர் ஒருவர் நிறுத்தி, "ஏனாயித்து?" என்று கன்னடத்தில் விசாரித்து, பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். முக்கோணம், சீல், டர்போ என்று அவருக்கும் விளக்குகிற நிலையில் நான் இல்லை. கௌதமன் ஸ்டியரிங்கை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். டெம்போக்காரர் தலையை வெளியே எடுத்து, தமிழுக்கு மாறினார்.

"வேற ஒண்ணுமில்ல சார், பெட்ரோல் கம்மியா இருக்கும், பாருங்க."

லெவல்

பிரித்துப் பார்த்தேன். சீல் உடைந்து, அந்தத் துண்டு கூட்டின் உட்புறத்தை ஆழமாகக் கீறியிருந்தது. டெம்போக்காரர் சொன்னதுதான் உண்மை. தொட்டியில் பெட்ரோல் உயரவில்லை, இன்னும் இறங்கியிருந்தது. முனிசாமியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் கார்புரேட்டர் மூடியைக் கவிழ்த்து, அடிக்குச்சியை வைத்துக் காட்டினார். மூடிக்கும் ஃப்ளோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் நாம் அளப்போம். அந்த நம்பர் கூடினால் பெட்ரோல் கீழே போகும். ஏழு மில்லிமீட்டராக இருந்ததை ஒன்பதாக்கியிருந்தார்.

"ஏத்துன்னீங்க, நம்பர ஏத்துனேன். மைன்ஸ்ல லெவல் நம்பர் ஏற ஏற கேஜ் கீழதான் மேஸ்திரி போவும். அதான் ஏத்தணுமா எறக்கணுமான்னு உங்கள கேட்டேன்."

கௌதமனிடம் சொன்னது

முனிசாமி மேல் பழியைப் போட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவர் கேட்டாரே, நான்தானே எரிந்து விழுந்தேன். தப்பு என்னுடையது என்று கௌதமனிடம் சொன்னேன். சீல் வரவழைக்கலாம், கூடு கிடைக்காது என்பதையும் சொன்னேன். பழைய டயர் மேல் உட்கார்ந்து, கீறல் விழுந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். எனக்கு அவமானமாக இருந்தது. அவன் சண்டை போட்டிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

"மூணு செகண்டு சூப்பரா போச்சிண்ணா. அதுக்கு மேல நீங்க இன்னா சொன்னாலும் எனக்கு இன்னிக்கி வேணாம், வுடுங்க."

ஆக, முப்பது வருஷத் தொழிலில் நான் நாசமாக்கிய ரோட்டரி என்ஜின் ஒன்றே ஒன்றுதான், ஆனால் எங்கள் பக்கத்தில் இருந்ததும் அந்த ஒன்றுதான்.