பிரசாதத்தைத் துப்பியவள்

காத்திவாக்கத்தில் இறால் தடவும் பெண்களை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். முன்பற்கள் தேய்ந்திருக்கும். தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் போட ஒரு பை வேண்டும். கை இரண்டும் சேற்றுக்குள் கிடக்கிறபடியால் அந்தப் பையை வாயால்தான் கவ்வ வேண்டும். பனையோலையில் முடைந்த அந்தப் பைக்குப் பறி என்று பெயர். அதன் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, தாடைவரைக்கும் தண்ணீரில் முங்கி, விடிந்ததிலிருந்து வெயில் ஏறுகிறவரைக்கும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். ஆக, எண்ணூர் உப்பங்கழியில் எவன் எதைக் கொண்டுவந்து கொட்டினாலும் அது முதலில் போய்ச் சேர்கிற இடம் இந்தப் பெண்களின் வாய்தான்.

கெங்கம்மாவும் அப்படிப் பறி கடித்தவள்தான். கட்டுமரம் புரண்டு இடுப்பில் விழுந்ததிலிருந்து அவள் புருஷன் வரதன் பாயோடு பாயாகக் கிடந்தான். பிள்ளைகுட்டி கிடையாது. அவள் கழியில் இறங்கினால் அடுப்பு எரியும், இறங்காவிட்டால் எரியாது. கணக்கு அவ்வளவுதான். ஆனால் சுத்தக்காரி. ஈ உட்கார்ந்த சோற்றைத் தொடமாட்டாள், பிறத்தியார் வாய்வைத்த செம்பில் தண்ணீர் குடிக்கமாட்டாள். இப்படிப்பட்டவளுக்கா இந்தப் பிழைப்பு என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

அறுபதுகளின் கடைசியில் கழிக்கு மேற்கே ஒரு நீளச் சுவர் எழும்பியது. உள்ளே வெள்ளை வெள்ளையாக ஏதோ மூட்டை கட்டினார்கள். பயிருக்கு அடிக்கிற பூச்சி மருந்து என்று சிலர் சொன்னார்கள். ஊரில் அதற்குப் பவுடர் கம்பெனி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுவருக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மாதிரி, ஒரு குழாய் வெளியே வந்து கண்டல் புதருக்குள் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

கண்டல் என்றால் வேலியோரத்துக் கள்ளிச் செடி என்று நினைத்துவிடக் கூடாது, உப்புத் தண்ணீரில் வேர்பரப்பி நிற்கிற அலையாத்தி அது. கடலில் பொரித்த இறால் குஞ்சு கொசு அளவில் அலையோடு உள்ளே வந்து, அந்த வேர்களின் இடுக்கில்தான் ஒளிந்து வளரும். உதிர்ந்த இலை அழுகும், அதைப் புழு தின்னும், புழுவை இறால் தின்னும், இறாலைக் கொடுவா மீன் தின்னும், எல்லாவற்றிலும் தன் பங்கை நாரையும் மனிதனும் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தர் எச்சில் இன்னொருத்தருக்குச் சோறு என்று ஒரு பந்தி அங்கே ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. பந்தி நடக்கிற இடத்தில் கக்கூஸ் குழாயைத் திருப்பிவிட எந்த மனிதனுக்காவது மனம் வருமா? பவுடர் கம்பெனிக்கு வந்தது.

முதலில் கண்டல் இலைகள் ஓரம் கருகின. பிறகு நாரை வருவது குறைந்தது. கெங்கம்மாவின் தொடையில் சொறி வந்தது, உதடு வெடித்தது. பறியைக் கடித்தால் நாக்கில் ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டு, புளியைக் கரைத்துக் குடித்தாலும் போகாது. கரையேறியதும் ஓரமாக நின்று காறிக் காறித் துப்புவாள். ராயபுரத்தில் மாதா கோயில் பக்கம் வாடிக்கையாக இறால் வாங்குகிற பிலோமி ஒரு நாள் வாசலிலேயே அவளை நிறுத்தினாள்.

"இன்னாக்கா, நேத்து குட்த எறால்ல மண்ணெண்ண நாத்தம் அடிக்கிது? கொழம்ப அப்டியே தூக்கிக் கொட்டிட்டோம். இனிமே என் வூட்டுக்கு எட்த்துனு வராத."

கெங்கம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. சுத்தக்காரி என்று பேர் எடுத்தவளுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? ரயிலில் திரும்பி வரும்போது கூடையை முகத்தருகே தூக்கி மோந்து பார்த்தாள். பிலோமி சொன்னது பொய்யில்லை.

இது நடந்த கொஞ்ச நாளில் ஆடி பிறந்தது. கெங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற வாரத்தில், ஒரு காலை வேளை, கழியில் இறால் தானாகக் கரைக்கு வந்தது. தடவவே வேண்டியிருக்கவில்லை. ஓரத்துத் தண்ணீரில் துள்ளித் துள்ளி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிடந்தது. கூடவே மடவை மீன், நண்டு, குஞ்சு குளுவான் எல்லாம். பெண்கள் முந்தானையிலேயே அள்ளினார்கள்.

"ஆத்தா கண்ண தொறந்துட்டாடி," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் கெங்கம்மாவோடு கூடவே தொழில் செய்கிற சொக்கம்மாள்.

கெங்கம்மாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தப் பிராணிகளுக்குத் தண்ணீருக்குள் மூச்சுவிட முடியவில்லை, நெருப்புப் பிடித்த வீட்டிலிருந்து ஓடிவருகிற மாதிரி ஓடிவருகின்றன என்று ஊரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. குழாய் முந்தின நாள் பூராவும் திறந்தே கிடந்தது. அதையும் யாரும் போய்ப் பார்க்கவில்லை. சாமி கொடுத்தால் ஏன் கொடுத்தாய் என்று கேட்பார்களா?

ஊர்த் தலைவர் கோதண்டம் உடனே முடிவு செய்துவிட்டார். ஆத்தா கொடுத்தது ஆத்தாவுக்கே. ஒரு கூடைகூட விற்கக் கூடாது, மொத்தமும் படையல். சுத்தக்காரி என்பதால் சமையல் கெங்கம்மாவின் தலையில் விழுந்தது. அவளுக்கு அதில் பெருமைதான்.

அங்கேதான் வினை. படையலுக்குச் சமைக்கிறவள் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். சாமிக்கு முன்னால் வாசனையை மனிதர் மோந்துவிட்டால் படையல் எச்சிலாகிவிடும். உப்புகூடப் பார்க்கக் கூடாது. ஈர மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தன் வாசலிலேயே அண்டா அண்டாவாக அவள் இறாலை வேகவைத்தாள். குடிசைக்குள் கிடக்கிற வரதன்கூட மோந்துவிடக் கூடாது என்று கதவைச் சாத்திவைத்திருந்தாள். அவ்வளவு பக்தி.

சாயங்காலம் கோயிலில் ஒலிபெருக்கி முழங்கியது. ஒலிபெருக்கியும் ட்யூப்லைட் வளைவும் பவுடர் கம்பெனி உபயம். கோயில் முனையில் ஒரு குடிதண்ணீர்க் குழாயும் போட்டுக்கொடுத்திருந்தார்கள். கம்பெனி சார்பில் வந்த அதிகாரி அருள்பிரகாசம் முன்வரிசையில் நாற்காலி போட்டு, கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். தீபாராதனை ஆனதும் பூசாரி முதல் பிடியைச் சமைத்தவளின் இலையில் வைத்தார். கெங்கம்மா துணியை அவிழ்த்து, கண்ணை மூடி, வாயில் போட்டாள்.

மண்ணெண்ணெய். அதற்கு அடியில் மூட்டைப்பூச்சி மருந்து. அதற்கும் அடியில் அவள் தினமும் காறித் துப்புகிற அதே கசப்பு, இப்போது மசாலா போட்டு, வெந்து, கொழகொழவென்று. சுற்றிலும் பார்த்தாள். ஊர் மொத்தமும் இலையில் கைவைத்திருந்தது. சொக்கம்மாள் கண்ணை இறுக்க மூடி, மென்று, மென்று, விழுங்கிவிட்டாள். கோதண்டம் தாடையை அசைக்காமல் இருந்து, பிறகு ஒரு முழுங்கு முழுங்கினார். குழந்தைகள் ஓங்கரித்தபோது தாய்மார்கள் அதட்டி வாயைப் பொத்தினார்கள். பிரசாதம் ஆயிற்றே, ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அருள்பிரகாசம் மட்டும் தன் இலையை நாசூக்காக மடித்தார்.

"எனக்கு இறால் ஒத்துக்காதுங்க. நீங்க சாப்பிடுங்க," என்றார் சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் கெங்கம்மா துப்பினாள். மெதுவாக ஓரமாகப் போய் அல்ல. இருந்த இடத்திலேயே, எல்லார் முன்னாலும், மணலில்.

ஒலிபெருக்கியைத் தவிர எல்லாம் நின்றுபோயிற்று.

"அடிப் பாவி, ஆத்தா சோத்தத் துப்பினியே," என்று எழுந்தார் கோதண்டம். "ஒனுக்கு இன்னா கேடு?"

"நாறுது நைனா. ஒனுக்கு நாறல? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

"ஆத்தா குட்த்தது நாறுதா?"

"ஆத்தா குட்த்ததா, அவன் குட்த்ததா?" என்று மாலை போட்டவரைக் கை காட்டினாள்.

அருள்பிரகாசம் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்துபோனார். அவர் போனது பெரிய அவமானமாகிவிட்டது. பஞ்சாயத்து அன்றைக்கே கூடி, கெங்கம்மா இனிமேல் ஊர்க் கழியில் இறங்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. இரவெல்லாம் ஊரில் பாதிப் பேர் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தார்கள். கூழ் புளித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

ஆடி போய் ஆவணி வந்தது. கழியில் இறால் இல்லை. பெண்கள் காலையெல்லாம் துழாவி, பறியில் சேற்றோடு கரையேறினார்கள். கண்டல் வேரில் செத்த குஞ்சுகள் உமி மாதிரி ஒட்டிக்கிடந்தன. தண்ணீரின்மேல் பல நிறத்தில் எண்ணெய்ப் படலம். இதற்குக் காரணம் கண்டுபிடிக்க ஊருக்கு நெடுநேரம் ஆகவில்லை. பிரசாதத்தைத் துப்பினாள், ஆத்தா கோபித்துக்கொண்டு கழியை விட்டுப் போய்விட்டாள். சுவருக்குப் பின்னால் குழாய் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, பழி கெங்கம்மாவின் எச்சிலுக்கு வந்து சேர்ந்தது. ஒரு வாய் எச்சிலில் ஒரு கழியே செத்துவிடுமாம். கேட்கவே அருவருப்பாக இருக்கிறது, ஆனால் ஊர் நம்பியது.

அதைவிடக் கேவலம், கெங்கம்மாவும் பாதி நம்பிவிட்டாள். அடுத்தவர் கருவாட்டைச் சுமந்து திருவொற்றியூர் வரைக்கும் நடந்து விற்றாள். வரதனுக்குக் கஞ்சி ஒருவேளையாகச் சுருங்கியது. பழைய துணியால் அவனுக்கு முதுகைத் துடைத்துவிடும்போது புலம்புவாள்.

"நாந்தா கெடுத்துட்டனோ?"

"நீ இன்னாத்த கெடுத்த?" என்பான் வரதன். "முழுங்கினவன்லா நல்லவன், துப்பினவ கெட்டவளா? போம்மே."

சொல்லிவிட்டான், ஆனால் பசி அவனுக்கும்தான் இருந்தது. மார்கழிக் கடைசியில் கெங்கம்மா மானத்தை மடித்து வைத்துவிட்டுக் கோதண்டத்தின் வாசலில் போய் நின்றாள். கழி கடலில் சேர்கிற முகத்துவாரம் பக்கம் கொஞ்சம் கொஞ்சம் இறால் தட்டுப்படுகிறது என்று சொக்கம்மாள் சொல்லியிருந்தாள். அதைத் தடவவாவது விட வேண்டும்.

"தப்புக்குக் கட்ற பணம்லாம் ஒன்கிட்ட கேக்கல," என்றார் கோதண்டம் பெருந்தன்மையாக. "கழில முழுகி, ஈரத்தோட ஒரு கொடம் கழித்தண்ணி மொண்டாந்து ஆத்தா தலைல ஊத்து. வுழுந்து கும்புடு. அத்தோட வுட்ரலாம்."

தை வெள்ளிக்கிழமை ஊர் கூடியது. கெங்கம்மா கழியில் இறங்கினாள். பழுப்பு நுரை அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டது. ஒரு மடவை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்துவந்து அவள் கையில் மோதியது. மூச்சைப் பிடித்து முழுகி எழுந்தாள். பித்தளைக் குடத்தில் தண்ணீரை மொண்டு தலையில் வைத்து, சொட்டச் சொட்டக் கோயில் படிக்கு நடந்தாள். வழிவிட்டவர்கள் ஒவ்வொருவராக மூக்கைப் பொத்தினார்கள்.

பூசாரி குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். துண்டால் வாயை மூடிக்கொண்டு கோதண்டத்தின் காதில் ஏதோ சொன்னார். கோதண்டமும் எட்டிப் பார்த்தார். உள்ளே தண்ணீர் கறுத்து, மேலே எண்ணெய் பளபளத்துக்கொண்டிருந்தது.

"நில்லு, நில்லு. இத்தயா ஆத்தா தலைல ஊத்தப் போற?"

"நீதான நைனா கழித்தண்ணி மொண்டாரச் சொன்ன?"

"சொன்னன். அதுக்காவ இந்தக் கலீஜையா? செலை கறுத்துப்பூடும். கொட்டிட்டு, கம்பெனிக் கொழாயில நல்ல தண்ணியா புட்ச்சினு வா."

கெங்கம்மா நகரவில்லை. நெற்றியிலிருந்து வழிந்த தண்ணீர் உதட்டுக்கு வந்தது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை.

"செலைக்கு ஆவாதா நைனா?"

"ஆவாது."

"எங்க வாய்க்கு ஆவுமா?"

கூட்டத்தில் பின்வரிசையில் நின்ற பெண்கள், தேய்ந்த பற்களை உதட்டால் மூடிக்கொண்டு, தலைவரைப் பார்த்தார்கள். கோதண்டம் மேலே கொடிமரத்தைப் பார்த்தார், பூசாரி கற்பூரத் தட்டைப் பார்த்தார். ஆண்களில் ஒருத்தன் இருமினான்.

"நல்ல நேரம் போவுது கெங்கம்மா," என்றார் கோதண்டம் கடைசியில். "பேஜாரு பண்ணாத. கொட்டிட்டு வா."

கொட்டினாள். குடத்தை மூன்று முறை அலசினாள். குழாயில் தண்ணீர் பளிங்கு மாதிரி வந்தது. அம்மன் தலையில் அதை ஊற்றும்போது ஒரு வாய் குடித்துக்கொள்ளலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது, அவ்வளவு தாகம். விழுந்து கும்பிட்டாள். கோதண்டம் எல்லார் முன்னாலும் அவளுக்கு விபூதி பூசி, ஊர் அவளை மன்னித்துவிட்டது என்றும், நாளையிலிருந்து தாராளமாகக் கழியில் இறங்கலாம் என்றும் அறிவித்தார்.

மறுநாள் விடிந்ததும் அவள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு தாடைவரைக்கும் இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை.